சம்பத்தின் முழங்கை

தொண்ணூறுகளில் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குள் கிரிக்கெட் பந்தயம் நடந்துகொண்டிருந்த காலத்தில் சம்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு. எங்கள் கம்பெனியில் அவன் கட்டிங் செக்ஷன், நான் டெஸ்பாட்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பந்து போடுவான், நான் ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பராக நிற்பேன். பதினோரு வருடம் அப்படி நின்றிருக்கிறேன். அவனைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி அதுதான். அந்தத் தகுதியே எனக்கு இப்போது உறுத்தலாகவும் இருக்கிறது.

சம்பத்துக்குப் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா கரும்பு வெட்டப் போனவர். இவன் பத்தாவது முடித்துவிட்டு கம்பெனியில் சேர்ந்தான். தோலைக் கையால் தடவிப் பார்த்தே எங்கே பூச்சி கடித்த தழும்பு, எங்கே முள் கீறியது என்று சொல்லிவிடுவான். அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவான். சூப்பர்வைசர்கள் அவன் பேச்சை மறுத்ததில்லை. ஆள் மெலிவு, பேச்சு கம்மி. ஆனால் பந்தைக் கையில் வாங்கிவிட்டால் வேறு மனிதன்.

ஆஃப் ஸ்பின்தான் போட்டான். நாலு எட்டு நடந்து வந்து, தோளை ஒரு குலுக்குக் குலுக்கிப் பந்தை விடுவான். மற்றச் சுழற்பந்து வீச்சாளர்களின் பந்து காற்றில் மிதந்து வரும். இவனுடையது விருட்டென்று வந்து விழுந்து உள்ளே திரும்பும். மட்டையைத் தூக்குவதற்குள் ஸ்டம்ப் பெயர்ந்திருக்கும். வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தில் எதிர் அணிக்காரர்கள் சில சமயம் "மாங்கா, மாங்கா" என்று கத்துவார்கள். மரத்தில் இருக்கும் மாங்காய்க்குக் கல் எறிவதுபோல எறிகிறான் என்று அர்த்தம். கிரிக்கெட்டில் பந்தை வீச வேண்டும், எறியக் கூடாது. மடங்கிய முழங்கை பந்தை விடும்போது நிமிர்ந்தால் அது எறிதல். தோற்கிறவர்கள் கத்துவது வழக்கம்தானே என்று நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றாறில் மாவட்டத் தொழிற்சாலை லீக்கின் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். வேலூரில் ஆட்டம். எதிரே ராணிப்பேட்டை அணி. இரண்டு அம்பயர்களில் ஒருவர் கிருபானந்தம். ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்ஷனில் வேலை பார்த்தவர். ஞாயிறு காலை ஆராதனை முடித்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு மைதானத்துக்கு வருவார். யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார்.

சம்பத் பந்து போட வந்தபோது அவர் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது பந்துக்கு அவர் கை பக்கவாட்டில் நீண்டது.

"நோ பால்!"

கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டான் என்று நினைத்தோம். அதைச் சொல்ல வேண்டியவர் பந்து போடும் பக்கம் நிற்கும் அம்பயர். நான்காவது பந்துக்கும் கிருபானந்தம்தான் கை நீட்டினார். ஐந்தாவதுக்கும். எங்கள் கேப்டன் தனகோடி ஓடினான். சம்பத்தும் போனான். நானும் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே போய் நின்றேன்.

கிருபானந்தம் சம்பத்தைப் பார்த்துத்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "உங்க கை மடங்குது. நேரா போடுங்க, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"எட்டு வருஷமா போட்றேன் சார். எந்த அம்பயருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிடுச்சா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது."

தனகோடி சம்பத்துக்குப் பந்து கொடுப்பதை நிறுத்திவிட்டான். நாங்கள் தோற்றோம்.

திரும்பும் வேனில் ஏறினோம். கம்பெனி வாசலில் பட்டாசு வாங்கி வைத்திருந்தார்கள். வாணியம்பாடிப் பக்கத்துக் கம்பெனிகளில் எல்லாம் "மாங்கா சம்பத்" என்று சொல்வார்கள் என்ற நினைப்பே அவனுக்குத் தாங்கவில்லை. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தான். தனகோடிதான் ஆரம்பித்தான்.

"லீக் கமிட்டிக்கு எழுதணும். ஆனா வெறும் நோ பால்னு எழுதுனா எவன் கேப்பான்? அம்பயர் சொன்னதுதான் முடிவும்பானுங்க."

சம்பத் நிமிராமலே சொன்னான். "நான் பாத்தேன்னு எழுது."

"இன்னா பாத்த?"

"நேத்து ராணிப்பேட்ட டீம் மேனேஜர் வீட்ல அந்த ஆளு பிரியாணி சாப்டுட்டு இருந்தாரு. நான் கண்ணால பாத்தேன்."

நேற்று என்றால் சனிக்கிழமை. சனிக்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரை அவன் கம்பெனியில் ஓவர்டைமில் இருந்தான். அன்று ஏற்றுமதிக்குச் சரக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து மத்தியானம் சாப்பிட்டோம். அது எனக்கு நினைவிருந்தது. அவனுக்கும் நினைவிருந்திருக்கும். வேனில் எங்கள் கண்கள் ஒரு முறை சந்தித்துக்கொண்டன. அவ்வளவுதான்.

மறுநாள் மனு தயாரானது. பதினோரு கையெழுத்து. அதில் இரண்டாவது என்னுடையது.

கமிட்டி விசாரணை வைத்தது. நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது கேட்டது.

"ராணிப்பேட்டைக்குப் போனீங்களா, இல்லையா?"

"போகல."

"அதுக்குச் சாட்சி யாராவது?"

"போகாததுக்கு எப்படிங்க சாட்சி கொண்டு வர்றது?" என்றார் கிருபானந்தம்.

அடுத்து சம்பத்தின் குரல் கேட்டது. வேனில் சொன்னதை ஒரு சொல் கூட மாற்றாமல் சொன்னான். என்னைக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை. எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

ஆட்டத்தை மறுபடி நடத்தச் சொன்னார்கள். வேறு அம்பயர்கள். சம்பத் ஆறு விக்கெட் எடுத்தான். கோப்பை கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தது. கிருபானந்தத்தின் பெயரை அம்பயர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அதன்பிறகு அவரை எந்த மைதானத்திலும் பார்க்கவில்லை.

ஒருநாள் டீக்கடையில் சம்பத்திடம் கேட்டேன். "அந்த பிரியாணி விஷயம் தேவையா இருந்துச்சா?"

அவன் கோபப்படவில்லை. யோசித்து வைத்திருந்தவன் மாதிரிப் பதில் சொன்னான். "என் கை நேராத்தான் இருக்கு. அவரு செஞ்சது அநியாயம். அந்த அநியாயத்தச் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நம்புற மாதிரி வேற ஒண்ணு சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்கு அது சரியாகவே பட்டது. பதினோரு வருடம் அப்படித்தான் போனது.

இரண்டாயிரத்து ஏழில் எழிலரசி வந்தாள். எங்கள் தையல் செக்ஷன் சூப்பர்வைசரின் மகள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வருவாள். இப்போது இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் வீடியோ கேம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பத் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"மாமா, நாங்க ஒரு கிரிக்கெட் கேம் பண்றோம். இதுவரைக்கும் வந்ததுல எல்லாம் பௌலர்னா பொம்ம மாதிரி வருவான். ஸ்பின்னர் எல்லாருக்கும் ஒரே கை, ஒரே கால். எங்க கேம்ல அப்படி இருக்கக் கூடாதுன்னு நிஜமான ஆளுங்கள வெச்சு எடுக்கிறோம். நீங்க வந்து பந்து போடணும்."

"நானா? டிவில வர்ற ஆளுங்க எல்லாம் இருக்காங்களேம்மா."

"அவங்க கை எல்லாரும் பாத்ததுதான். உங்கள மாதிரி தோளக் குலுக்கிப் போட்ற ஆள நான் எங்கயும் பாத்ததில்ல. இப்ப கம்ப்யூட்டர்ல வரும். அடுத்த வருஷம் கன்சோல்ல, டிவியோட மாட்டி ஆடுவாங்களே அந்தப் பெட்டில, இன்னும் நிஜமா வரும். பிட்ச்ல வெடிப்பு விடுறது, சட்டைல மண்ணு ஒட்றது, வேர்வ வழியறது எல்லாம் தெரியும்."

சம்பத்தின் மனைவி சுந்தரி சிரித்துவிட்டாள். "இந்த ஆளு வேர்வய நான் டிவில வேற பாக்கணுமா?"

சம்பத்துக்கு அன்று முகம் எல்லாம் பூரிப்பு. முப்பத்தேழு வயதில், லேசாகத் தொப்பை விழ ஆரம்பித்த பிறகு, இப்படி ஒன்று வரும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். துணைக்கு என்னையும் கூப்பிட்டான். காலை ரயிலில் போனோம்.

ஸ்டூடியோ ஒரு குடோன் மாதிரி இருந்தது. சுற்றிலும் கேமராக்கள். நடுவில் பாய் விரித்து, எதிர்முனையில் ஸ்டம்ப் வைத்திருந்தார்கள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை ஒன்றைச் சம்பத்துக்குக் கொடுத்தார்கள். அதன் மேல் மூட்டுக்கு மூட்டுச் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டினார்கள். கேமராக்கள் அந்த உருண்டைகளை மட்டும்தான் பார்க்குமாம். வெட்கத்தில் அவன் இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டு நின்றான். பந்து கைக்கு வந்ததும் வெட்கம் போய்விட்டது. முப்பது பந்துக்கு மேல் போட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து எங்களைத் திரையின் முன் உட்கார வைத்தார்கள். கோடுகளால் ஆன ஒரு மனிதன் நாலு எட்டு நடந்து வந்து தோளைக் குலுக்கினான்.

"டேய், நான்டா அது!" என்றான் சம்பத், என் தொடையில் தட்டி. "பாரேன், அந்த நடயப் பாரேன்."

நிஜமாகவே அது அவன்தான். முகமில்லை, சதையில்லை, ஆனாலும் ஆம்பூரில் யாரிடம் காட்டினாலும் சம்பத் என்று சொல்லியிருப்பார்கள். எழிலரசி கை தட்டினாள்.

கம்ப்யூட்டரை இயக்கிக்கொண்டிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. எழிலரசியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு அந்தக் கோட்டு மனிதனை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினார். ஸ்கொயர் லெக்கில் நிற்பவருக்குத் தெரிகிற மாதிரித் திரும்பியதும் நிறுத்தினார். ஒவ்வொரு படமாக நகர்த்தினார். கை மேலே போனது. முழங்கை மடங்கியிருந்தது. அடுத்த படம். அடுத்த படம். கை நிமிர்ந்தது. பக்கத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டே வந்து நின்றது. முப்பத்தொன்று.

"பதினஞ்சு டிகிரி வரைக்கும்தான் ரூல்ஸ்ல விடுவாங்க" என்றார் அவர், தயங்கியபடி. "சார், சின்ன வயசுல கைல எங்கயாவது அடிபட்டிருக்கா?"

"ஆமா" என்றான் சம்பத் உடனே. "மரத்துலேர்ந்து விழுந்தேன். அதுலேர்ந்து கை கோணல்."

அவன் எந்த மரத்திலிருந்தும் விழுந்ததில்லை. அந்த ஆள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். கை கோணலாக இருந்தால் கடைசி வரை கோணலாகவே இருக்கும், இது மடங்கி நிமிர்கிறது, இரண்டும் வேறு வேறு என்றார். சம்பத்தின் காது மடல் சிவந்தது.

"இன்னொரு தபா போட்றேன். நேரா போட்றேன், பாருங்க."

மறுபடி போய் நின்றான். முழங்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு போட்டான். பந்து மிதந்து போய்ப் பாயைத் தாண்டி விழுந்தது. திரும்பவே இல்லை. அடுத்தது பாதியிலேயே குத்தியது. பத்துப் பந்து போட்டிருப்பான். ஒன்றுகூட ஸ்டம்ப் பக்கம் போகவில்லை. புதிதாக ஆட வந்தவன் மாதிரி இருந்தது. குடோனில் இருந்தவர்கள் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழிலரசி பக்கத்தில் வந்தாள். "மாமா, பரவால்ல. எங்களுக்கு உங்க நடை, அந்தத் தோளு, அதுதான் வேணும். முழங்கைய மட்டும் நாங்க கம்ப்யூட்டர்ல நேர் பண்ணிடுவோம். ஆட்றவங்க யாருக்கும் தெரியாது."

சம்பத் தலையாட்டினான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

திரும்பும் ரயிலில் அரக்கோணம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான். "நீ ஸ்டம்புக்குப் பின்னாடிதான நின்ன. உனக்குத் தெரியுமா?"

"முன்னாடிலேர்ந்து பாத்தா தெரியாதுப்பா" என்றேன்.

அது முழு உண்மையில்லை. எல்லாப் பந்துக்கும் தெரியாதுதான். ஆனால் வெயில் சாய்ந்து அவன் நிழல் பிட்ச்சில் நீளமாக விழும் நேரங்களில் நிழலின் கை மடங்கி நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். விக்கெட் விழுந்ததும் மறந்துவிடுவேன்.

"அப்ப அந்த ஆளு சொன்னது நெஜம்" என்றான் சம்பத். "நான் சொன்னதுதான்…" முடிக்கவில்லை.

அந்த முப்பத்தொன்றைப் பற்றி ஊரில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. ஆனால் கேமில் அவன் வரப்போவதைச் சுந்தரி தெருவுக்கே சொல்லியிருந்தாள். பொங்கல் கழித்து கேம் வெளியானது. எங்கள் பர்சனல் ஆபீசர் ஒரு டிஸ்க் வாங்கி வந்து, கேன்டீனில் பெரிய திரை கட்டி, மதிய இடைவேளையில் போட்டுக் காட்டினார். எல்லாச் செக்ஷன்காரர்களும் நின்றார்கள். திரையில் வேறு முகம், வேறு பெயர். ஆனால் நாலு எட்டு நடை வந்ததும் கேன்டீனே கத்தியது. தோளைக் குலுக்கியதும் விசில். கை வந்தது. குச்சி மாதிரி நேராக வந்தது. ஆனாலும் பந்து விருட்டென்று விழுந்து உள்ளே திரும்பி ஸ்டம்பைப் பெயர்த்தது. நிஜத்தில் அந்தக் கையால் அந்தப் பந்து வரவே வராது. அது தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர்தான்.

தனகோடி சம்பத்தின் முதுகில் ஓங்கித் தட்டினான். "அன்னிக்கு நோ பால் சொன்னானே ஒரு அம்பயர், அவன இட்டுனு வந்து இத காட்டணும்டா!"

சம்பத் சிரிக்க முயன்றான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனான். நான் போய்ப் பார்த்தபோது குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தான். சாப்பிட்ட கை காய்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

"ஞாயித்துக்கிழம சத்துவாச்சாரி போறேன்" என்றான். "அவரு ரிட்டயர் ஆயி அங்க வீடு கட்டியிருக்காராம். விசாரிச்சுட்டேன். நீ வர்றியா?"

போனோம். மனைகளாகப் பிரித்த இடத்தில் சின்ன வீடு, வாசலில் செம்பருத்தி. கதவைத் திறந்தது அவர் மனைவி ஆக்னஸ். நர்ஸாக இருந்தவர். சம்பத் பெயரைச் சொன்னதும் அவர் கை கதவிலேயே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து "வரச் சொல்லு" என்று குரல் வந்தது.

கிருபானந்தம் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தார். தலை நரைத்துவிட்டது. சட்டை மட்டும் அதே வெள்ளை. எங்களை உட்காரச் சொன்னார். சம்பத் உட்காரவில்லை.

"சார், அன்னிக்கு நீங்க சொன்னது சரி. மெஷின்ல பாத்தேன். என் கை மடங்குது. முப்பத்தொரு டிகிரி."

"எத்தன டிகிரின்னு எனக்குத் தெரியாது. மடங்குச்சு. சொன்னேன்." அவர் டிவியை அணைத்தார். "இதச் சொல்லவா ஆம்பூர்லேர்ந்து வந்தீங்க?"

"ஆமா சார். மன்னிப்பு…"

"கை மடங்குனது எனக்கு அன்னிக்கே தெரியும். அதுக்கு மெஷின் வேணாம். கை மடங்குறது தப்பும் இல்ல, நெறைய பேருக்கு அவங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அதச் சொல்லுங்க. ராணிப்பேட்டைல அந்த மேனேஜர் வீடு எந்தத் தெருவுலன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

சம்பத் சொன்னான். "தெரியாது சார்."

ஆக்னஸ்தான் பேசினார், சுவரோரம் நின்றபடியே.

"சர்ச் கமிட்டில செக்ரட்டரியா இருந்தாரு. அந்த விஷயம் பரவுனதும், ஒருத்தரும் மொகத்துக்கு நேரா கேக்கல. ஆனா பின்னாடி பேசுனாங்க. இவரே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. அன்னிலேர்ந்து இவரு யார் வீட்லயும் கை நனைக்கிறதில்ல. என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் சாப்பிட்டாங்க, இவரு வாசல்ல நின்னாரு. தண்ணி கூட குடிக்கல. பதினோரு வருஷமா இப்படித்தான்."

"ஆக்னஸ்" என்றார் அவர். அந்த அம்மா நிறுத்திக்கொண்டார்.

சம்பத் குனிந்தான். அவர் காலைத் தொடப் போகிறான் என்று தெரிந்ததும் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அதெல்லாம் வேணாம். நான் போகலன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட வந்து சொல்றதுல இன்னா இருக்கு? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்."

வாசல் வரை வந்தார். நான் செருப்பு மாட்டும்போது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க கீப்பர் இல்ல?"

"ஆமா சார்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

லீக்கின் ஆண்டுக் கூட்டம் ஏப்ரலில் நடந்தது. வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அறுபது எழுபது பேர். அடுத்த வருடத்து ஆட்ட அட்டவணை பேசி முடித்து, டீ வரப்போகிற நேரம். சம்பத் எழுந்தான். கையில் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்க்காமலே பேசினான்.

"தொண்ணூத்தாறு ஃபைனல்ஸ்ல அம்பயர் கிருபானந்தம் சார் ராணிப்பேட்ட மேனேஜர் வீட்ல சாப்ட்டாருன்னு நான் சொன்னேன். அது பொய். நான் ராணிப்பேட்டைக்கே போகல. அவரு குடுத்த நோ பால் மூணும் சரி. என் கை எறிபந்து கைதான். இத நீங்க எழுதிக்கணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "இன்னாப்பா, எலெக்ஷன்ல நிக்கப் போறியா?" என்று ஒரு குரல்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டு வருஷத்துக் கத. அந்த மேனேஜரே போய்ச் சேர்ந்துட்டாரு. இத எல்லாம் மினிட்ஸ்ல ஏத்த முடியாது சம்பத். உக்காருங்க."

"அன்னிக்கு நான் சொன்னத ஏத்துனீங்க இல்ல சார். இதயும் ஏத்துங்க."

தனகோடி எழுந்துவிட்டான். முகம் கறுத்திருந்தது. "உக்கார்றா! நீ சொன்னது பொய்னா, கையெழுத்து போட்ட நாங்க எல்லாம் யாரு?"

அந்த ஹாலில் கையெழுத்துப் போட்ட ஆறு பேர் இருந்தோம். சம்பத் ஒரு நிமிடம் எங்கள் வரிசையைப் பார்த்தான். என் முகத்தில் அவன் பார்வை நின்றது. அந்தச் சனிக்கிழமை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள். நான் எழுந்து ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். டீ கொண்டு வந்த ஆள் என் முன்னால் தட்டை நீட்டினார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"அவங்க யாருக்கும் தெரியாது சார்" என்றான் சம்பத். "நான் சொன்னத நம்பிக் கையெழுத்து போட்டாங்க. நான் மட்டும்தான்."

அந்த ஹாலில் அவன் சொன்ன ஒரே பொய் அது. எங்களுக்காகச் சொன்னது.

கடைசியில் செயலாளர் இரண்டு வரி எழுதினார். சம்பத் அங்கேயே நின்று அதைப் படித்துப் பார்த்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, நேராகச் சத்துவாச்சாரிக்குப் போனான். இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. ஆக்னஸ் வாசலில் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டாராம். "அவர்கிட்ட குடுத்துட்றேன்" என்றாராம். கிருபானந்தம் வெளியே வரவில்லை.

கம்பெனியில் சில மாதம் அவனுக்கு மோசமாகப் போனது. தனகோடி பேச்சை நிறுத்திவிட்டான். கேன்டீனில் புதுப் பையன்கள் அவன் தட்டோடு நடக்கும்போது தோளைக் குலுக்கிக் காட்டுவார்கள். "மாங்கா" என்று யாராவது சொன்னால் அவன் திரும்பிப் பார்த்து, "ஆமாப்பா" என்பான். அதற்கு மேல் அவர்களால் என்ன சொல்ல முடியும்? பந்து போடுவதை அடியோடு விட்டுவிட்டான்.

அந்த வருடக் கடைசியில் எழிலரசி போன் செய்தாள். கன்சோலுக்கான வேலை ஆரம்பித்துவிட்டது, இந்த முறை இன்னும் நுணுக்கமாக எடுக்கப் போகிறோம், மறுபடி வர வேண்டும் என்றாள். வரமாட்டேன் என்றான். ஏற்கெனவே எடுத்ததையாவது கன்சோலில் போடாதே என்று கேட்டுக்கொண்டான்.

"ஏன் மாமா? எங்க கேம்லயே உங்க பௌலிங்கத்தான் எல்லாரும் நிஜமா இருக்குன்னு சொல்றாங்க."

"அது நிஜம் இல்லம்மா. உனக்கே தெரியும்."

அவள் சரி என்றாள். அதற்கு அவசியமே வரவில்லை. கன்சோல் பதிப்பு அடுத்த வருடம் என்றார்கள், அதற்கடுத்த வருடம் என்றார்கள், பிறகு அந்தக் கம்பெனியே வேறு தொழிலுக்குப் போய்விட்டது. எழிலரசி பெங்களூரில் வேறு வேலை தேடிக்கொண்டாள். முதலில் வந்த டிஸ்க்குகள் மட்டும் ஆம்பூரில் பிரவுசிங் சென்டர்களில் கொஞ்ச காலம் ஓடின. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அந்த நேரான கையை வைத்து விக்கெட் விக்கெட்டாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கடை வழியாகப் போகும்போது சம்பத் சைக்கிளை எதிர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு போவான்.

ஒருமுறை நானே அவனிடம் ஆரம்பித்தேன். "அன்னிக்கு ஹால்ல நான்…" என்றேன்.

"வுடு" என்றான். "ஒரு வருஷம் ரொம்பப் பேஜாரா இருந்துச்சு. இப்ப கம்மி ஆயிடுச்சு." என்னைத் திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் கம்மியாகியிருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேலூர் பஸ் ஸ்டாண்டில் கிருபானந்தத்தைப் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். கையில் மருந்துப் பை இருந்தது.

"சம்பத் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு சார். இப்ப ஆட்றதில்ல."

"ம்" என்றார். பிறகு ஏதோ யோசித்து, "பேப்பர் வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் என் பக்கத்திலேயே நின்றார். கூட்டம் அதிகமில்லை. சம்பத்தோடு நான் கம்பெனியில் சாப்பிட்ட அந்தச் சனிக்கிழமையைச் சொல்லிவிட நினைத்தேன். "சார்" என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவசரமே இல்லாமல், நான் சொல்லப் போவதைக் கேட்கிற மாதிரிப் பார்த்தார்.

அந்த நேரம் ஆம்பூர் பஸ் உள்ளே வந்தது. ஆட்கள் ஓடினார்கள். நான் பஸ்ஸைப் பார்த்தேன்.

"ஏறுங்க" என்றார் கிருபானந்தம். "உக்கார எடம் போய்டப் போவுது."

ஏறிவிட்டேன். ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. பஸ் கிளம்பும்போது அவர் அங்கேயே நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.